கரப்பான் வளர்க்கும் பிள்ளை



சென்ற மாதம் குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன இடத்தில் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, பத்திரிகையில எழுதுறவங்க நீங்கதானே? எனக்கு ஒரு வழி சொல்லுங்க. என் மகன் வீட்டுல கரப்பான் பூச்சி வளர்க்கிறான்!" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். தனியாக அழைத்துப் போய் விவரம் கேட்டேன்.

மகன் மூன்றாம் படிவத்தில் படிக்கிறான். கைச்செலவுக்குக் கொடுத்த காசை மிச்சம் பிடித்து, பட்டணத்துக் கடையில் ஒரு பல்லி வாங்கி வந்தான். சிறுத்தையைப் போல் மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட பல்லி. உயிரோடு இருக்கும் பூச்சியைத்தான் தின்னும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நம் வீட்டுச் சமையலறையில் கரப்பானுக்கா பஞ்சம்? இரவில் டார்ச் லைட் அடித்து நாலைந்து பிடித்துப் போட்டிருக்கிறான். பல்லியும் தின்றது. மறுநாள் அதற்கு உடம்பு நடுங்கியது. மூன்றாம் நாள் செத்துப் போனது.

அந்த வாரம்தான் அந்தத் தாய் சமையலறை முழுவதும் பூச்சிமருந்து அடித்திருந்தார். வாழைமரத்தடியில் பல்லியைப் புதைத்துவிட்டு வந்த பையன், "அம்மா, நீங்க அடிச்ச மருந்துதான் அதைக் கொன்னுச்சு" என்று சொன்னானாம். "அந்தச் சொல் நெஞ்சில முள்ளாக் குத்துது அக்கா" என்றார்.

இப்போது இரண்டாவது பல்லி வந்திருக்கிறது. கூடவே ஒரு பெட்டியில் ஐம்பது கரப்பான்! மாமியார் தூக்கி எறியச் சொல்கிறார். கணவர் எரித்துவிடச் சொல்கிறார். தாய் நடுவில் நிற்கிறார். அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். ஜொகூரில் பல தாமான்களிலும் தோட்டங்களிலும் பிள்ளைகளுக்கு இந்தப் பல்லி மோகம் வந்திருப்பதால், நாளை உங்கள் வீட்டுக் கதவையும் தட்டலாம் அல்லவா?

முதலில் பல்லியைப் பற்றி இரண்டு வார்த்தை. பல்லி நமக்குப் புதியதல்ல. பஞ்சாங்கத்தைப் புரட்டினால் பல்லி விழும் பலன் என்று ஒரு பக்கமே இருக்கிறது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிட நம்மவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் பையன் வாங்கிய சிறுத்தைப் பல்லி நம் சுவரில் ஓடும் சாதி அல்ல. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகிய வறண்ட கல்நிலத்தில் பிறந்தது. அதற்கு இமை உண்டு, கண்ணை மூடித் திறக்கும். காலில் ஒட்டும் தசை கிடையாது, சுவர் ஏறாது. கொழுப்பை வாலில் சேர்த்து வைக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். பதினைந்து வயதுப் பையன் இன்று வாங்கினால் அவன் கல்யாணத்துக்கும் அது இருக்கும்! வாங்கித் தருவதற்கு முன் இதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

இனி கரப்பானுக்கு வருவோம். உலகத்தில் 4,500க்கு மேற்பட்ட கரப்பான் வகைகள் உண்டு. அவற்றில் மனிதன் வீட்டை ஒட்டிப் பிழைப்பவை ஏறத்தாழ 30 வகைதான். சாக்கடையிலிருந்து ஏறி வரும் பெரிய செந்நிறக் கரப்பானும், அலமாரி இடுக்கில் பெருகும் சிறிய கரப்பானும் அந்த முப்பதில் சேர்ந்தவை. அவை கழிவில் நடந்த காலோடு நம் சோற்றில் நடக்கும். வயிற்று நோய்க் கிருமியைச் சுமக்கும். நாம் அடித்த மருந்தைத் தின்றோ மிதித்தோ அரை உயிராகத் திரிவதும் அவைதான். அரை உயிரான பூச்சி எளிதில் கைக்கு அகப்படும். பையன் பிடித்ததும் அப்படிப்பட்டதாக இருக்கலாம். பல்லியை யாரும் அறுத்துப் பார்க்கவில்லை, ஆகவே மருந்துதான் கொன்றது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் விதி ஒன்றுதான்: வீட்டிலும் வெளியிலும் பிடித்த பூச்சியை வளர்க்கும் பல்லிக்குப் போடக்கூடாது.

அதனால்தான் பல்லி வளர்ப்பவர்கள் தீனிக்கென்றே தனிக் கரப்பானைப் பெட்டியில் பெருக்குகிறார்கள். அதற்கு டூபியா என்று பெயர். சொந்த ஊர் தென் அமெரிக்கா. முழு வளர்ச்சியில் 4 முதல் 4.5 சென்டிமீட்டர் இருக்கும். ஆணுக்கு முழுச் சிறகு, பெண்ணுக்குக் குட்டைச் சிறகு. இது பறந்து திரிவதில்லை. வழவழப்பான பிளாஸ்டிக், கண்ணாடி மீது ஏறத் தெரியாது. முட்டையை வெளியில் இடாமல் வயிற்றுக்குள்ளேயே வைத்துக் குஞ்சாக ஈனும். ஓர் ஈற்றில் 20 முதல் 40 குஞ்சுகள் வரை வரும்.

கூலாயில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் இதைச் சில ஆண்டுகளாக வளர்க்கிறார். நேரில் போய்ப் பார்த்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். நாற்றம் இல்லை! அவர் செய்வதை அப்படியே சொல்கிறேன்.

உயரமான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. மூடியில் சதுரமாக வெட்டி, மெல்லிய கம்பி வலை ஒட்டியிருக்கிறார். உள்ளே முட்டை அடுக்கும் அட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறார். பூச்சிகள் அந்த இடுக்கில் இருட்டில் இருக்கும், எச்சம் கீழே விழும். குளிர்நாட்டில் இதற்கு மின்சாரத்தில் சூடு காட்ட வேண்டும். 28 முதல் 32 டிகிரி வெப்பத்தில்தான் நன்றாகப் பெருகும். நம் ஜொகூருக்கு அந்தச் செலவே இல்லை. வெயில் நேரே படாத இடமாக இருந்தால் போதும்.

10 பெண்ணுக்கு 3 ஆண் என்று ஆரம்பிக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வளர்ந்த பல்லி ஒன்றுக்கு வாரம் மூன்று வேளை, வேளைக்கு ஆறு பூச்சி என்றால் மாதத்துக்குச் சுமார் 80 ஆகிறது. ஒரு பெண் பூச்சி ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 25 குஞ்சு ஈன்றால், பத்தும் சேர்ந்து மாதம் 125 தரும். பல்லிக்கும் போதும், பெட்டியும் குறையாது. ஆனால் குஞ்சு முழுதாய் வளர நாலைந்து மாதம் ஆகும். அதுவரை கை வைக்காத பொறுமை வேண்டும். விதை நெல்லை விற்றுத் தின்பவன் அடுத்த போகத்துக்கு என்ன செய்வான்?

தீனிக்குக் காரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பூசணி, பழத்தோல் போதும். மறுநாளே மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். பூசணம் பிடித்தால் பெட்டி முழுவதும் செத்துவிடும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் குஞ்சுகள் மூழ்கிவிடும், காய்கறியின் ஈரமே போதுமானது. பல்லிக்குப் போடும் பூச்சி அதன் இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள அகலத்துக்கு மேல் பெரிதாக இருக்கக்கூடாது. போடுமுன் பூச்சியின் மேல் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்துத் தூளைத் தூவ வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல, கடையில் பல்லிக்கென்றே விற்கும் தூள். அது இல்லாவிட்டால் பல்லியின் எலும்பு வளைந்துவிடும். தின்னாமல் மிஞ்சிய பூச்சியை இரவில் பல்லியோடு விட்டுவைக்கக்கூடாது.

தோட்டத்துக் குடும்பங்களுக்கு மட்டும் சில எச்சரிக்கைகள்.

செம்பனை அடியில் பிடுங்கிய புல்லையும் கீரையையும் பெட்டியில் போடாதீர்கள். அங்கே களைக்கொல்லி அடித்திருப்பார்கள். அதன் கொடுமையை நம் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதுகில் டாங்கியைச் சுமந்து மருந்து அடித்து, நகம் கறுத்து, மூக்கில் இரத்தம் கண்ட எத்தனை பேர் நம் லயத்தில் இருந்தார்கள்! பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2002இல் தடை செய்யப்பட்டு, 2006இல் மறுபடி அனுமதிக்கப்பட்டு, 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் முற்றாக நிறுத்தப்பட்டது. ஆனால் மற்ற மருந்துகள் இன்னும் உண்டு. மருந்து வந்த காலி டின்னையும் தோம்பையும் எதற்காகவும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், பூச்சிப் பெட்டி செய்யவும்கூட.

எறும்பு ஏறாமலிருக்க, அந்தக் காலத்துச் சாப்பாட்டு அலமாரிக்குச் செய்ததுபோல் நாலு காலுக்கும் தண்ணீர் டப்பா வைக்கலாம். ஆனால் சோப்புத் தண்ணீராக இருக்கட்டும், வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். தேங்கிய தண்ணீரில் டிங்கிக் கொசு முட்டையிடும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி அதற்கு அபராதம் உண்டு. டிங்கிக்காகப் புகை அடிக்க வரும் நாளில் பெட்டியைத் தூரமாய்க் கொண்டுபோய் வையுங்கள். கொசுவத்தியும் பக்கத்தில் எரியக்கூடாது.

பெட்டியைச் சமையலறையிலும் படுக்கும் அறையிலும் வைக்கவே கூடாது. அஞ்சடி ஓரமோ பின்கொட்டகையோ நல்லது. கரப்பானின் எச்சத்தூளும் தோல்தூளும் சிலருக்கு இளைப்பைக் கிளப்பும். வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளையோ பெரியவரோ இருந்தால் இந்தப் பெட்டி வேண்டவே வேண்டாம். கடையில் கிடைக்கும் புழுவை அவ்வப்போது வாங்கிப் போடட்டும். பெட்டியைச் சுத்தம் செய்யும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். பல்லியைத் தொட்டாலும் பூச்சியைத் தொட்டாலும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை பல்லியைத் தொட விடாதீர்கள். பல்லியிடமிருந்தும் வயிற்றுப்போக்குக் கிருமி தொற்றும்.

பூச்சி மிஞ்சினால் பால்மரக் காட்டிலோ கால்வாயிலோ கொண்டுபோய் விடக்கூடாது. வேற்று நாட்டு உயிரை நம் மண்ணில் விட்டால் என்ன வினை விளையும் என்று யார் கண்டது? கோழி வளர்க்கிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஒன்றையும் தப்ப விடாது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2010, 2011இல் தீபகற்ப மலேசியாவில் டோக்கே பல்லி ஆசை ஒன்று கிளம்பியது நினைவிருக்கிறதா? எய்ட்ஸ் நோய்க்கு மருந்து, எடை கூடிய பல்லிக்கு இலட்சக்கணக்கில் வெள்ளி என்று வதந்தி பரவியது. அந்த மருந்துக் கதைக்கு ஆதாரம் இல்லை என்று 2011 ஜூலையில் பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறையே எச்சரித்தது. வனவிலங்கு வாணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு நம் தீபகற்பத்து நிலையை ஆராய்ந்து 2013இல் அறிக்கை வெளியிட்டது. 2019இல் டோக்கே பல்லி அனைத்துலக வாணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆகவே காட்டுப் பல்லியைப் பிடிக்கும் ஆசை பிள்ளைகளுக்கு வரவேண்டாம். கடையில் வாங்கினாலும் ரசீது கேளுங்கள். உரிமம் வேண்டுமா என்று பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் குளுவாங் தாய்க்கு வருகிறேன்.

தாயே, மகன் சொன்ன சொல் உங்களைக் குத்தியது நியாயம். ஆனால் அதைக் குற்றச்சாட்டாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மருந்து அடித்த இடத்தோடு நின்றுவிடாது, பூச்சியின் வழியாக இன்னோர் உயிருக்கும் போய்ச் சேரலாம் என்று உங்கள் பிள்ளை கண்டுகொண்டிருக்கிறான். அதே சமையலறைத் தரையில்தானே நம் கைக்குழந்தைகளும் தவழ்கின்றன? இனி இரவில் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து, குப்பையைக் கட்டி வெளியே வைத்து, கழுவுமிடத்தை உலரத் துடைத்து, குழாய் ஓட்டையை அடைத்துப் பாருங்கள். பாதிக் கரப்பான் தானாக ஓடும். மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடியுங்கள்.

மகனிடமும் ஒரு நிபந்தனை போடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் என்றைக்குத் தீனி போட்டான், என்றைக்குச் சுத்தம் செய்தான், எத்தனை குஞ்சு என்று அவனே எழுதி வரட்டும். ஒரு வாரம் தவறினால் பெட்டி போய்விடும் என்று சொல்லிவிடுங்கள். தவறமாட்டான். ஒரு பல்லியைப் புதைத்த பிள்ளை அல்லவா?

மாமியாருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டீர்கள். பெட்டியை எரிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். படுக்கப் போகுமுன் மூடியை மட்டும் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்ளட்டும்.