ஒன்பது பேர் சேர்ந்தால் ஒரு குழு

உறவினர் வீட்டு விசேஷத்துக்காகச் செமிலிங் போயிருந்தேன். மாலையில் திடல் பக்கம் நடந்தபோது, ஐந்தாறு பையன்களும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரு கட்டையால் டென்னிஸ் பந்தை அடித்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன தம்பி, கிரிக்கெட்டா?"

"இல்லே அங்கிள், பேஸ்பால்! டிவியிலே பார்த்தோம். ஸ்கூல்லே ஒரு டீம் வைக்கணும். யார்கிட்டே கேக்கிறதுன்னுதான் தெரியலே" என்றான் மூன்றாம் படிவம் படிக்கும் பையன்.

அவனுக்குச் சொன்னதை இங்கே பெற்றோர்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பள்ளியின் விளையாட்டு ஆசிரியரைப் பார்க்க வேண்டும். நம் பள்ளிகளில் பேஸ்பால் அரிது. ஆனால் அதன் தங்கையான சோப்ட்பால், எம்.எஸ்.எஸ்.எம். போட்டிகளில் இடம்பெறும் விளையாட்டு. இரண்டிலும் களத்தில் ஒன்பது பேர் நிற்பார்கள். நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். மூன்று பேர் அவுட்டானால் அடுத்த குழு அடிக்க வரும். பேஸ்பாலில் தளத்துக்குத் தளம் 90 அடி. சோப்ட்பாலில் 60 அடிதான். சோப்ட்பாலின் பந்து பெரியது, அதைக் கையைத் தாழ்த்தி வீச வேண்டும். சிறிய திடலுக்கு இதுவே தோது. ஒன்றைப் பழகியவனுக்கு மற்றது சீக்கிரம் வந்துவிடும்.

சாமான்களுக்குப் பயப்பட வேண்டாம். மணல் நிரப்பிய உரச் சாக்கு தளமாகும். கட்டையின் பிடியில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றினால் கை வழுக்காது. பழகும்வரை டென்னிஸ் பந்து போதும். ஆனால் நிஜப் பந்தைத் தொடும் நாளில், அடிப்பவருக்குத் தலைக்கவசமும், பின்னால் பந்து பிடிப்பவருக்கு முகமூடியும் இல்லாமல் ஆட விடாதீர்கள். அதில் மட்டும் சிக்கனம் கூடாது.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது. வீட்டுக்கு யார் கூட்டி வருவது?

நான் படித்த காலத்தில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பந்துக் குழு வைத்தோம். பயிற்சி முடிவதற்குள் பஸ் போய்விடும். இருட்டில் ரப்பர் காட்டு வழியே நடந்து வருவோம். இரண்டு வாரம் பொறுத்த என் அப்பா, "நாளையிலிருந்து வேண்டாம்" என்றார். மற்ற வீடுகளிலும் அதே பேச்சுதான். ஓர் ஆட்டத்திலும் தோற்காமலே எங்கள் குழு கலைந்துபோனது! அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். விடியுமுன் மரம் சீவப் போகிறவர், மாலையில் வாசலில் காத்து நிற்கவா முடியும்?

ஆகவே, பெயர்ப் பட்டியல் போடும்போதே மோட்டார் சைக்கிள் பட்டியலும் போடுங்கள். எந்த நாள், எந்த அப்பா, எந்த மாமா என்று எழுதி வைத்துவிடுங்கள். கெடாவில் வெள்ளியும் சனியும் பள்ளி விடுமுறை. வெள்ளிக்கிழமை காலைப் பயிற்சி என்றால் இருட்டு பயமும் இல்லை.

"பந்து விளையாடினால் பாடம் யார் படிப்பது?" என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். எஸ்.டி.பி.எம். முடித்து அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனுப்போடும்போது, 100 புள்ளிகளில் 10 புறப்பாட நடவடிக்கைக்கு உரியவை. ஆனால் தெருவில் ஆடினால் அந்தப் புள்ளி கிடைக்காது. பள்ளியில் முறையாகப் பதிய வேண்டும்.

பெரிய கனவுகளை மட்டும் ஊட்டாதீர்கள். இந்தியாவில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரண்டு இளைஞர்கள், பேஸ்பாலே ஆடியறியாத நிலையில் ஒரு வீச்சுப் போட்டியில் தேறி, 2008இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் குழுவில் ஒப்பந்தமானார்கள். சினிமாவாகவும் வந்த கதை அது. அவர்கள்கூட அங்குள்ள மேல்நிலை லீக்கில் ஆடவில்லை.

நம் பிள்ளைக்குக் கிடைப்பது வேறு. ரிமூவ் வகுப்பிலும் முதல் படிவத்திலும் மொழி புரியாமல் பின்வரிசையில் ஒதுங்கும் பிள்ளைக்கு, "நீ வரலேன்னா எட்டுப் பேர்தான்டா இருக்கோம்" என்று சொல்ல நண்பர்கள் கிடைப்பார்கள். அதற்காகவே மறுநாளும் பள்ளிக்குப் போவான். அதனால் மெதுவாக ஓடுகிறவனை வெளியே உட்கார வைக்காதீர்கள். எல்லாரும் ஒரு முறையாவது மட்டை பிடிக்கட்டும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வந்து கேட்டால், "பந்து எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன்னால், "எத்தனை மணிக்கு வந்து கூட்டிப் போகணும்?" என்று கேளுங்கள். குழு பாதி உருவானது போலத்தான்!