முதல் நாள் பாதியில் இறங்குங்கள்!

உடம்பு கொஞ்சம் கனத்துவிட்டால் போதும், புத்தி சொல்வதற்கு ஊரில் எல்லோருக்கும் நேரம் கிடைத்துவிடும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்வார். மாடிப்படியில் எதிரே வருகிறவர் சொல்வார். ‘காலையில எழுந்து நடங்க’, ‘கொள்ளுக் கஞ்சி குடிங்க’, ‘ராத்திரி சாதத்தை விட்டுடுங்க’... இப்போது அந்தப் பட்டியலில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ‘ஸ்பின்னிங் கிளாஸ் போங்களேன்!’

அதாவது அறைக்குள்ளேயே சைக்கிள் மிதிப்பது. நகராத சைக்கிள்களை வரிசையாகப் போட்டிருப்பார்கள். விளக்கை மங்கலாக்கி, பாட்டை அலற விட்டு, முன்னால் ஒரு பயிற்சியாளர் தானும் மிதித்துக்கொண்டே ‘இன்னும்... இன்னும்...’ என்று குரல் கொடுப்பார். முக்கால் மணி நேரம். பெரிய ஊர்களின் ஜிம்களில் இப்போது இதற்கு நல்ல கூட்டம்.

‘சித்த வைத்தியருக்கு இங்கே என்ன வேலை?’ என்று நீங்கள் கேட்கலாம். எடை குறையச் சூரணம் கேட்டு வருகிறவர்களில் பலர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். தொண்ணூறு கிலோவைத் தாண்டிய ஒரு அம்மா சொன்னார்:

“டாக்டர், அந்த கிளாஸ்ல எல்லாரும் ஒல்லியா இருக்காங்க. கொஞ்சம் வெயிட்டைக் குறைச்சிட்டு அப்புறம் சேரலாம்னு இருக்கேன். அதுக்கு ஒரு மருந்து கொடுங்க.”

“ஏம்மா, நீச்சல் தெரிஞ்ச பிறகுதான் தண்ணியில இறங்குவேன்னு சொன்னா எப்படி?” என்றேன்.

சிரித்தார். ஆனால் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. எடை குறைப்பதற்காகப் பேதி மருந்து சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பேதியில் போவது நீர். இரண்டு நாளில் திரும்பி வந்துவிடும். கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே, ‘முதலில் இளைப்பேன், பிறகு மிதிப்பேன்’ என்பது தலைகீழ்க் கணக்கு. இருக்கிற உடம்போடு போகலாம். ஆனால் போகிற விதம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முழங்காலுக்கு ஏன் நல்லது?

சமதரையில் நடக்கும்போதே முழங்கால் மூட்டு நம் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு பளுவைச் சுமக்கிறது. மாடிப்படி இறங்கும்போது மூன்று மடங்குக்கும் மேல். தொண்ணூறு கிலோக்காரருக்கு இது எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். ‘தினமும் ஓடு’ என்று அவரிடம் சொல்வது மூட்டுக்குச் செய்கிற துரோகம்.

சைக்கிளில் உட்கார்ந்துவிட்டால் உடம்பின் பாரத்தில் பெரும்பகுதியை ஸீட் வாங்கிக்கொள்கிறது. நிதானமாக மிதித்தால் முழங்காலுக்கு வருகிற பளு ஏறக்குறைய நம் எடை அளவுதான். தரையில் கால் மோதுகிற அதிர்ச்சியும் கிடையாது. தொடைத் தசை பலப்படும். அது பலப்பட்டால் மூட்டுக்குத் தாங்கல் கிடைக்கும். விழுந்துவிடுவோமோ என்ற பயம் இல்லை, நாய் துரத்தாது, தண்ணீர் லாரி ஹாரன் அடிக்காது! கனத்த உடம்புக்காரர் உடற்பயிற்சியை ஆரம்பிக்க இதைவிடத் தோதான சாதனம் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

சாதனம் நல்லது. சிக்கல் அந்த வகுப்பின் வேகத்தில்தான்.

யாருக்காகப் பிறந்த வகுப்பு?

இந்த ஸ்பின்னிங்கை உருவாக்கியவர் ஜானி கோல்ட்பர்க் என்ற தென்னாப்பிரிக்க சைக்கிள் வீரர். 1980-களின் கடைசியில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில். அந்த நாட்டைக் குறுக்கே கடக்கிற நெடுந்தூரப் பந்தயத்துக்குத் தன்னைத் தயார்படுத்திக்கொள்ள, வீட்டிலேயே ஒரு வண்டியைச் செய்து மிதித்தார். பிறகு அது வகுப்பாகி உலகம் முழுக்கப் பரவியது.

பந்தய வீரர் தன் உடம்புக்காகச் செய்துகொண்ட பயிற்சி என்பதைக் கவனியுங்கள். பதினைந்து வருஷமாக ஆபீஸ் நாற்காலியிலும் சமையலறையிலுமாக இருந்த உடம்புக்கு முதல் நாளே அதே வேகம் எப்படிப் பொருந்தும்?

நம் நாட்டு வைத்திய நூல்கள் இதில் தெளிவாக இருக்கின்றன. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் ஆயுர்வேத நூல்தான் என்றாலும், நல்லதை எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். நல்ல பலசாலியே ஆனாலும், நெய்யும் பாலுமாகச் சாப்பிடுகிறவரே ஆனாலும், குளிர்காலத்திலும் வசந்த காலத்திலும்கூடப் பாதி பலத்துக்குத்தான் உடற்பயிற்சி செய்யவேண்டும் என்கிறது அது. மற்ற காலங்களில் அதையும் விடக் குறைவு. பாதி பலம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூச்சு வாய் வழியாக வர ஆரம்பித்தால் பாதி முடிந்தது என்று அடையாளம் சொல்கிறது சுஸ்ருத சம்ஹிதை.

இன்றைய டாக்டர்கள் சொல்வதும் ஏறத்தாழ இதுவேதான். மிதித்துக்கொண்டே பேச முடியவேண்டும். பாட முடியக்கூடாது. பேச்சே வரவில்லை என்றால் அளவு மீறிவிட்டது. இதற்குக் கைக்கடிகாரமும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம்.

சிறுநீர் கருத்தால்...

‘கொஞ்சம் மூச்சு வாங்கினால்தான் என்ன?’ என்று அலட்சியமாக இருப்பவர்களுக்காக ஒரு விஷயம். பழக்கமில்லாத தொடைத் தசையை ஒரே நாளில் கசக்கிப் பிழிந்தால், தசைநார் சிதைந்து அதிலுள்ள பொருட்கள் ரத்தத்தில் கலந்துவிடலாம். அவை சிறுநீரகத்தைப் போய் அடைக்கும். ‘ராப்டோமயோலிஸிஸ்’ என்று இதற்குப் பெயர். முதல் ஸ்பின்னிங் வகுப்பு முடித்துவிட்டு இப்படி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களைப் பற்றி அமெரிக்க டாக்டர்கள் 2017-ல் மருத்துவ இதழில் எழுதி எச்சரித்தார்கள். இது அபூர்வம்தான். ஆனால் குண்டானவர்களுக்கு மட்டும் வருவதில்லை. நல்ல ஆரோக்கியமான இளைஞர்களுக்கும் வந்திருக்கிறது. பயிற்சி கெட்டதில்லை. முதல் நாளிலேயே அளவு மீறியதுதான் வினை.

சாதாரண தசைவலி இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். ஆனால் தொடை வீங்கிக் கல்லாக இறுகி, வலி நாளுக்கு நாள் ஏறி, சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால், ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அப்போது என்னைப் போன்றவர்களிடம் தைலம் கேட்டு வராதீர்கள். கஷாயம் காய்ச்சிக் குடிக்கிற நேரம் இல்லை அது. நரம்பு வழியாக நீர் ஏற்றி சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிற நேரம்.

முதல் மாதம் இப்படி

முதல் நாள் பதினைந்து நிமிஷம், மிஞ்சினால் இருபது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், மற்றவர்கள் மிதித்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் இறங்கிவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், இடையில் ஓய்வு. வாரா வாரம் ஐந்து நிமிஷம் கூட்டினால், ஒன்றரை மாதத்தில் முழு வகுப்புக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். பயிற்சியாளர் எழுந்து நின்று மிதிக்கச் சொல்லும்போது முதல் சில வாரங்கள் நீங்கள் உட்கார்ந்தே மிதியுங்கள். நின்றால் பாரம் மறுபடி முழங்காலுக்கு வந்துவிடும்.

பத்து நிமிஷம் முன்னதாகப் போய் வண்டியைச் சரிசெய்துகொள்ளுங்கள். வண்டிக்குப் பக்கத்தில் நின்றால் ஸீட் உங்கள் இடுப்பெலும்பு உயரத்தில் இருக்கவேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கவேண்டும். ஸீட் தாழ்வாக இருந்தால் மூட்டு வலிக்கும். கைப்பிடியை உயர்த்தி வைத்தால் தொடை வயிற்றில் இடிக்காது. வண்டி எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். வீட்டுக்கென விற்கிற வண்டிகளில் 100 கிலோ மட்டுமே தாங்குகிறவையும் உண்டு.

இன்னொன்று முக்கியம். இந்த வண்டிகள் பலவற்றில் நம் சைக்கிள் போல காலை நிறுத்தினால் பெடல் நிற்காது. கனமான சக்கரம் சுற்றிக்கொண்டே காலையும் இழுக்கும். பளுவைக் கூட்டுகிற திருகைக் கீழே அழுத்தினால் பெரும்பாலும் வண்டி நிற்கும். முதலில் அதை எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு ஏறுங்கள். துப்பட்டா, தொளதொளக் கால்சட்டை, அவிழ்ந்த ஷூ கயிறு எதுவும் கூடாது.

உட்காருமிடம் முதல் இரண்டு வாரம் வலிக்கத்தான் செய்யும். எடையால்தான் என்று நினைக்கவேண்டாம், ஒல்லிக்கும் வலிக்கும். மெத்தை வைத்த கால்சட்டையோ ஸீட் உறையோ உதவும். முடிந்ததும் வியர்வை அடங்கியபின் குளித்து, தொடை இடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, உலர்ந்த துணி உடுத்துங்கள். இல்லாவிட்டால் படர்தாமரை வந்து சேரும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் வகுப்புக்கு விடுமுறை விடுங்கள். அன்றைக்குக் கடும் உழைப்பு கூடாது என்பது நம் பழைய வழக்கம்.

நெஞ்சுவலி, நடந்தாலே மூச்சுத்திணறல், தலைசுற்றல் உள்ளவர்கள் இதய டாக்டரைப் பார்க்காமல் சேரக்கூடாது. இன்சுலினோ சர்க்கரையை இறக்குகிற மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் கொஞ்சம் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் வைத்திருங்கள். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போடவேண்டும். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். அவர்களுக்கு வண்டித் திரையில் தெரிகிற எண் சரியான கணக்குச் சொல்லாது. மூச்சைத்தான் நம்பவேண்டும்.

இளைப்பதைப் பற்றி

ஒரு மாதத்தில் பத்து கிலோ குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிதானமாக மிதிக்கிற அரைமணி நேரத்தில் செலவாவது ஏறக்குறைய 200, 250 கலோரி. வெளியே வந்து ஒரு மசால் தோசையும் காப்பியும் சாப்பிட்டால் கணக்கு நேர், அல்லது கடன்! பயிற்சியோடு சாப்பாட்டையும் கவனித்தால்தான் எடை இறங்கும். ஆனால் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது 90 கிலோவில் நாலரை கிலோ குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வர ஆரம்பிக்கும். எடை குறையாத வாரங்களிலும் லாபம் உண்டு. மாடி ஏறும்போது மூச்சு வாங்காது, இரவில் நல்ல தூக்கம் வரும். தராசு இதையெல்லாம் காட்டாது.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை

இவ்வளவும் வருகிறவருக்குச் சொன்னேன். நடத்துகிறவர்களுக்கும் பங்கு இருக்கிறது. புதிதாக ஒருவர் வந்தால், ‘உங்களுக்கு இன்றைக்குப் பதினைந்து நிமிஷம்தான்’ என்று பயிற்சியாளரே சொல்லவேண்டும். சோகை, சர்க்கரை, மூட்டுவலி உண்டா என்று கேட்கவேண்டும். இறங்குகிறவரைப் பார்த்து மைக்கில் ‘கமான், விட்டுடாதீங்க!’ என்று கத்துவது உற்சாகம் இல்லை. அது அவமானம். அந்த அவமானத்துக்குப் பயந்துதான் பலர் அளவு மீறுகிறார்கள். இன்னும் பலர் மறுநாள் வருவதே இல்லை. ஒருவரைத் துரத்திவிட்டு யாருக்கு ஆரோக்கியம் சொல்லித் தரப்போகிறீர்கள்?

வீட்டில் இருப்பவர்களும் கேளுங்கள். ‘மூவாயிரம் ரூபாய் கட்டிட்டு கால் மணி நேரத்துல திரும்பிட்டியா?’ என்று கணவர் கேட்டால், அடுத்த முறை அந்த அம்மா மூச்சு முட்டினாலும் இறங்கமாட்டார். அதற்குப் பதிலாக, அவர் வகுப்புக்குப் போகிற மாலையில் ராத்திரிச் சமையலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த உதவிக்கு ஈடான சூரணம் என் அலமாரியில் இல்லை.

பாதி பலத்தோடு ஆரம்பித்தவர் ஆறு மாதம் கழித்தும் மிதித்துக்கொண்டிருப்பார். முழு பலத்தோடு ஆரம்பித்தவர் பெரும்பாலும் ஆறாம் நாளே வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார். எனவே தயங்காமல் சேருங்கள். முதல் நாள் பாதியில் தைரியமாக இறங்குங்கள். இரண்டாம் நாள் மறக்காமல் போங்கள்.