ஒரு மொடியூல் மாத்தினா சரியாகிடுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களும், வாங்க நினைப்பவர்களும், கராஜ் செய்யும் தம்பிமாரும் பொறுமையாக வாசியுங்கள். என்னிடம் கார் இல்லை, மோட்டார் சைக்கிள்தான். "கார் இல்லாத சேருக்கு இந்தக் கதை எதற்கு?" என்று கொமெண்ட் வரும் என்று தெரியும். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். பெட்டரிக்குள் நடப்பது நான் வகுப்பில் கரும்பலகையில் கீறும் தொடர்ச் சுற்றுத்தான். என்னிடம் அதைப் படித்த பிள்ளைகள் சிலர் இன்று கராஜில் அதே சுற்றைக் கையால் கழற்றுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒலுவிலில் இருந்து அக்கரைப்பற்று வரை மெயின் ரோட்டில் நின்று பாருங்கள். அக்குவா, பிரியஸ், அக்சியோ, வெசல், பிட். அனேகமாக வரிச்சலுகை இருந்த காலத்தில் வந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும் நாட்டுக்குள் இருந்த அதே கார்கள்தான் கைமாறிக் கைமாறி ஓடின. 2022இல் கியூஆர் கோட்டுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வந்தபோது ஹைபிரிட்டுக்கு மதிப்பு இன்னும் ஏறியது. இப்போது அந்தக் கார்களில் பலவற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டிவிட்டது. டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிகிறது. புதுப் பெட்டரி என்றால் பல இலட்சம். நம்மில் எத்தனை பேருக்கு அது முடியும்?

அதனால் திருத்துகிறோம். திருத்துவது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. 28 துண்டில் இரண்டு பழுதென்பதற்காக முழுப்பெட்டியையும் வீசுவது நமக்குக் கட்டுப்படியாகாது. என் பிரச்சினை வேறு. ஒரு துண்டை மட்டும் மாற்றி, ஸ்கேனரால் பிழைக்குறியீட்டை அழித்து, "பெட்டரி செய்தது, பிரச்சினை இல்லை" என்று கார் விற்கப்படுகிறது. வாங்குகிறவர் நகையை அடகு வைத்தவராகவோ, வெளிநாட்டில் உழைத்ததை முழுக்கப் போட்டவராகவோ இருக்கிறார். மூன்று நான்கு மாதத்தில் விளக்குத் திரும்ப எரிகிறது. லீசிங் மட்டும் நிற்காமல் போகிறது.

ஏன் திரும்ப எரிகிறது? பிரியஸின் பெட்டரி ஒரே பெட்டரி அல்ல. ஒவ்வொன்றும் 7.2 வோல்ட் உள்ள 28 மொடியூல்கள் தொடராக இணைக்கப்பட்டு 201.6 வோல்ட். ஒவ்வொரு மொடியூலுக்குள்ளும் 1.2 வோல்ட் கலங்கள் ஆறு. அக்குவாவிலும் அக்சியோவிலும் 20 மொடியூல், 144 வோல்ட். தொடர்ச் சுற்றில் எல்லாக் கலத்துக்குள்ளாலும் ஒரே மின்னோட்டம்தான் போகும். பலவீனமான கலம் முதலில் வெறுமையாகும், சார்ஜ் ஏறும்போது முதலில் நிரம்பும், முதலில் சூடாகும். அதைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் போட்டால் மிச்சம் 27உம் அதே வயதுக் கிழவர்கள்தானே? அடுத்த பலவீனமானது யார் என்பது மட்டும்தான் மாறியிருக்கும். போடுகிற மொடியூலும் புதிதல்ல. பஞ்சிகாவத்தையில் இருந்தோ, இடிபட்ட காரில் இருந்தோ வந்தது. அதன் வலு மற்றவற்றோடு பொருந்துகிறதா என்று பார்க்காமல் போட்டால் சமநிலை இன்னும் குழம்பும்.

முறையாகச் செய்வது எப்படி என்று நல்ல கராஜ்காரருக்குத் தெரியும். எல்லா மொடியூலையும் கழற்றி, தனித்தனியாக லோட் கொடுத்துப் பார்க்க வேண்டும். மல்டிமீற்றரை வைத்தால் பலவீனமான மொடியூலும் 7 வோல்டுக்கு மேல் காட்டலாம். ஒரு ஹெட்லைட் பல்பைக் கொடுத்து இரண்டு நிமிடம் விட்டால்தான் எது விழுகிறது என்று தெரியும். பிறகு மிஞ்சியவற்றை ஒவ்வொன்றாக மெதுவாக சார்ஜ் ஏற்றி, இறக்கி, திரும்ப ஏற்ற வேண்டும். அப்போது மொடியூலைப் பலகைக்கிடையில் இறுக்கி வைக்காவிட்டால் வீங்கும். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு நாட்கணக்கு எடுக்கும். "காலையில கொண்டாங்க, அஸருக்குத் தாறன்" என்பவர் இதில் பாதியையும் செய்யமாட்டார். முறையாகச் செய்தாலும் அது பழைய பெட்டரிக்குக் கொஞ்சக் காலத் தவணைதான், புதுப் பெட்டரி அல்ல. அதை முகத்துக்கு நேரே சொல்கிற மெக்கானிக்கைத் தேடிப் பிடியுங்கள். கூலி கூடக் கேட்பார், கொடுங்கள்.

கடற்கரை ஊர் என்பதால் நமக்கு இன்னொரு தொல்லை. உப்புக் காற்று. மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகள் பச்சை பிடிக்கின்றன. பிடித்த இடத்தில் தடை கூடி, வோல்ட் அளவு பிழையாகப் போகிறது, கார் பெட்டரி செத்ததாக நினைக்கிறது. தகட்டைச் சுத்தம் செய்தே உயிர் வந்த கார்களும் உண்டு.

நம் ரோட்டில் ஏற்றமே கிடையாது. கல்முனை வரை ஓடிப் பார்த்துவிட்டு "பெட்டரி நல்லம்" என்று காசை எண்ணிக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். தட்டையான ரோட்டில் அரைச்சீவன் பெட்டரியும் நல்ல பிள்ளை போல் நடிக்கும். மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவில் பிள்ளைகுட்டியோடு ஏசியும் போட்டு ஏறும்போதுதான் சாயம் வெளுக்கும். வாங்குகிறவர்கள் ஏசியை முழுதாகப் போட்டு, நாலு பேரை ஏற்றி, பலமுறை வேகமாக எடுத்துப் பாருங்கள். பெட்டரிக் கோடு நிரம்பியிருந்து சட்டென்று அடிக்கு விழுந்து, திரும்பச் சட்டென்று நிரம்பினால் சந்தேகப்படுங்கள். ஸ்கேனர் வைத்திருப்பவரைக் கூட்டிப் போய், ஓடும்போதே ஒவ்வொரு தொகுதியின் வோல்டையும் பார்க்கச் சொல்லுங்கள். "பெட்டரி போனால் பெற்றோலில் ஓடலாம்" என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள். பிரியஸிலும் அக்குவாவிலும் எஞ்சினைச் சுற்றிவிடுவதே அந்தப் பெரிய பெட்டரிதான். அது போனால் கார் முற்றத்தில்தான்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. யூடியூபைப் பார்த்து வீட்டிலேயே பெட்டியைத் திறக்கும் பழக்கம் வந்திருக்கிறது. வெறுங்காலோடு, கையில் மோதிரத்தோடு, சாதாரண ஸ்பேனரோடு. தம்பிமாரே, நேரோட்டத்தில் 60 வோல்டுக்கு மேலேயே வாகனத் துறையில் ஆபத்தான அழுத்தம் என்று கணக்கு. நீங்கள் தொடுவது 144, 200. செம்மஞ்சள் சேர்விஸ் பிளக்கை இழுத்துவிட்டால் எல்லாம் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இன்வேர்ட்டரில் தேங்கியிருப்பது இறங்கப் பத்து நிமிடமாவது வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் மொடியூல்களோ எத்தனை மணித்தியாலம் காத்தாலும் உயிரோடுதான் இருக்கும். வீட்டுக் கரண்டில் பிடிபட்டால் ட்ரிப் சுவிட்ச் விழும். கழற்றி மேசையில் வைத்த பெட்டரிக்கு ட்ரிப் சுவிட்ச் கிடையாது. ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் உலோகமே உருகித் தெறிக்கும். 1000 வோல்டுக்குத் தரம் குறித்த இறப்பர் கையுறை, மேலே தோல் கையுறை, காப்பிட்ட ஆயுதங்கள், பக்கத்தில் இன்னொரு ஆள். இவை இல்லாமல் தொடாதீர்கள். உம்மா வாப்பாவுக்கு உங்களை விடப் பெரிய பெட்டரி இல்லை.

வெசல், ஜிபி5 பிட் இரண்டும் லித்தியம். 48 கலம், 172.8 வோல்ட். மேலே சொன்ன பல்பு வைத்தியம், சார்ஜர் வைத்தியம் எதுவும் அதற்குச் செய்யக்கூடாது. அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினால் தீப்பிடிக்கும், சாதாரணமாக அணைக்கவும் முடியாது. அதை வீட்டில் திறக்கவே வேண்டாம்.

எல்லோரும் பயமின்றிச் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அதை யாரும் செய்வதில்லை! பின் சீட்டை ஒட்டி ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். பெட்டரியைக் குளிர்விக்கும் ஃபேன் அதனூடாகத்தான் காற்றை இழுக்கிறது. நாம் அதன்மேல் சீட் கவரைப் போட்டு, பேக்கை வைத்து, கடற்கரை மணலையும் கொட்டி மூடிவிடுகிறோம். ஃபில்டரும் ஃபேனும் தூசி அடைந்தால் பெட்டரி சூட்டில் வேகும். துவாரத்தைத் திறந்து வைப்பதற்குக் காசில்லை. ஃபில்டரையும் ஃபேனையும் வருடத்துக்கொரு தடவை சுத்தம் செய்விக்க ஒரு சேர்விஸ் காசு கூடப் போகாது.

கராஜ்காரர்களிடம் ஒரு கோரிக்கை. ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுங்கள்: எத்தனை மொடியூல் மாற்றியது, எங்கிருந்து எடுத்தது, லோட் டெஸ்டில் ஒவ்வொன்றும் காட்டியது எவ்வளவு, என்ன திகதி, எத்தனை கிலோமீற்றரில். விற்கிறவர் அதைக் காரோடு கொடுக்கட்டும். ஈரத் தானியத்தை அடியில் வைத்து மேலே உலர்ந்ததைப் பரப்பிய வியாபாரியின் சம்பவத்தைக் குத்பாவில் கேட்டுத் தலையாட்டுகிறோம். அழித்த பிழைக்குறியீடும் அதே ஈரத் தானியம்தான். விலை கொஞ்சம் குறையும் என்பது உண்மை. குறையட்டும். கடதாசி கேட்டு வாங்குகிறவர்கள் கூடினால், முறையாக வேலை செய்கிற தம்பிக்குத்தான் வேலை கூடும்.

கழற்றிய மொடியூல்களைத் தோணாவிலோ குப்பையிலோ போடாதீர்கள். உள்ளே இருப்பது பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் காரமும் நிக்கலும். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி உள்ள சேகரிப்பாளருக்கே கொடுக்க வேண்டும். ஊரில் ஒவ்வொருவராக அனுப்புவது சிரமம். கராஜ்கள் நாலைந்து சேர்ந்து ஓரிடத்தில் சேர்த்து வைத்தால் ஒரு லொறியில் அனுப்பலாம். இதற்கு இடம் தரக்கூடியவர்கள் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். இந்த வேலையில் கைப்பழக்கம் உள்ளவர்கள், நான் சொன்னதில் எது உங்கள் அனுபவத்துக்கு மாறாக இருக்கிறது என்று கீழே எழுதுங்கள்.