வருகிறவர் எங்கே இறங்குவார் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் வடக்கிற்கு வருகிறார் என்றால் எங்கள் வீதிகளில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் காலையிலேயே படங்களோடு வந்து நிற்பார்கள். பொலிஸார் வீதித்தடை போடுவார்கள். கறுப்புக் கண்ணாடி வாகனங்கள் வேகமாகக் கடந்து போகும். அப்படியொரு நாளில் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "தம்பி, அவர் இந்த றோட்டாலதான் வருவாரோ?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பாதை கொழும்பில் முன்னரே எழுதி முடிக்கப்பட்டிருக்கும் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

இந்தக் கடதாசி வேலையைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும் என்பதே என் கருத்து.

1944 ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் 3 ஆவது உறுப்புரையின்படி, ஓர் அரசின் விமானம் இன்னொரு நாட்டின் வான்பரப்பில் பறப்பதற்கோ அங்கு தரையிறங்குவதற்கோ அந்த நாட்டின் அனுமதி கட்டாயம். வழமையான பயணிகள் சேவை விமானத்தில் வருபவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. தனது அரசின் விமானத்தில் வரும் பிரதமருக்குத் தேவை. அவரது தூதரகம் வெளிவிவகார அமைச்சுக்கு இராஜதந்திரக் குறிப்பொன்றை அனுப்பும். விமானத்தின் வகை, பதிவிலக்கம், பறக்கும் பாதை, வந்து சேரும் நேரம், பணியாளர்கள், பயணிகள், மெய்ப்பாதுகாவலர்கள் கொண்டுவரும் ஆயுதங்கள் போன்ற விபரங்கள் கேட்கப்படும். பாதுகாப்புத் தரப்பும் சிவில் விமானப் போக்குவரத்துத் தரப்பும் இணங்கிய பின்னரே அனுமதி கிடைக்கும்.

அடுத்தது, புரொட்டோக்கோல் என்று சொல்லப்படும் உபசரணை. கட்டுநாயக்கவில் யார் வரவேற்பது, செங்கம்பளம் உண்டா, அணிவகுப்பு மரியாதை உண்டா, பிரமுகர் மண்டபத்தில் எத்தனை நிமிடம் என்பதெல்லாம் வருபவரின் பதவியையும் விஜயத்தின் தரத்தையும் பொறுத்து முடிவாகும். தொலைக்காட்சி காட்டுவது இந்தப் பகுதியைத்தான்.

எங்களைத் தொடும் பகுதி அதற்குப் பிறகு வருகிறது. கட்டுநாயக்கவிலிருந்து வடக்கிற்கு எப்படி வருவது? வான்வழி என்றால் பெரும்பாலும் பலாலி. 2019 ஒக்டோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டாலும், விமானப்படைத் தளம் இன்னும் அங்கேயே இருக்கிறது. அதைச் சூழவுள்ள வலிகாமம் வடக்கில் 1990 இல் இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் இன்னமும் முழுமையாக விடுவிக்கப்படவில்லை. எங்கள் துயரத்தைப் பார்க்க வருபவர், நாங்கள் திருப்பிக் கேட்கும் நிலத்தின் அருகில் இறங்கி, படையினரின் பாதுகாப்போடுதான் வெளியே வருகிறார்.

அனுமதி எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதற்குப் பழைய உதாரணங்களே போதும். 2005 ஜனவரியில், ஆழிப்பேரலைக்குப் பின்னர், அப்போதைய ஐ.நா. செயலாளர் நாயகம் கொபி அனான் வந்தார். அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் போனார். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட முல்லைத்தீவு, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அங்கு செல்ல அரசு இடமளிக்கவில்லை. உலகத்தின் உயர் அதிகாரிகளில் ஒருவர், பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த மக்களைப் பார்க்காமலே திரும்பினார்.

2009 ஏப்ரல் இறுதியில் பிரித்தானிய, பிரான்ஸ் வெளிவிவகார அமைச்சர்களான டேவிட் மிலிபாண்டும் பேர்னார்ட் குஷ்னரும் போர்நிறுத்தம் கோரி வந்தபோது, அவர்களோடு வரவிருந்த சுவீடன் அமைச்சர் கார்ல் பில்ட்டுக்கு விசா மறுக்கப்பட்டது. ஒரே பயணத்தில் இருவருக்குக் கதவு திறந்தது, மூன்றாமவருக்கு மூடியது.

அடுத்த மாதம் பான் கீ மூன் வந்தார். போர் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. இறுதிப் போர் நடந்த நிலத்தை அவர் ஹெலிகொப்டரில் இருந்து பார்த்தார். இறங்கியது மெனிக் பாமில். முள்ளிவாய்க்கால் மண்ணில் அவர் கால் வைக்கவில்லை. பின்னர் அவரே நியமித்த நிபுணர் குழுவும், 2014 இல் மனித உரிமைகள் பேரவை அமைத்த விசாரணைக் குழுவும் நாட்டுக்குள் வந்து விசாரிக்க முடியவில்லை. வெளியிலிருந்தே சாட்சியங்களைத் திரட்டின. மேலிருந்து பார்ப்பவருக்கு அனுமதி, கீழே இறங்கி எழுதிக்கொள்பவருக்கு மறுப்பு. இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அனுமதி கிடைத்த பயணங்களும் எல்லாம் ஒன்றல்ல. 2013 நவம்பரில் பொதுநலவாய மாநாட்டுக்கு வந்த டேவிட் கமரூன் யாழ்ப்பாணம் வந்து, பொது நூலகத்துக்கும் உதயன் அலுவலகத்துக்கும் நலன்புரி முகாமுக்கும் போனார். நூலகத்துக்கு வெளியே படங்களோடு கதறிய உறவுகளை உலகத் தொலைக்காட்சிகள் காட்டின. தான் போக விரும்பிய இடங்களில் அவரது தரப்பு உறுதியாக நின்றதால்தான் அது சாத்தியமாயிற்று என்று நான் நினைக்கிறேன்.

அதே ஆண்டு ஓகஸ்ட்டில் வந்த நவநீதம்பிள்ளையின் பயணம் வேறொரு பாடம். தன்னைச் சந்தித்தவர்களிடம் பொலிஸாரும் படையினரும் சென்று விசாரித்ததாகக் கிடைத்த முறைப்பாடுகளை, நாட்டை விட்டுப் புறப்படும் முன்னரே அவர் பகிரங்கமாகச் சொன்னார். விருந்தினருக்கு வாகனத் தொடரணி பாதுகாப்பு. அவரிடம் பேசியவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

2025 ஜூனில் ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளர் வோல்கர் டர்க் செம்மணிக்கு வந்தார். "அணையா விளக்கு" போராட்டம் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. புதைகுழியை அவர் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கை, அவர் வருவதற்கு முன்னரே பகிரங்கமாக எழுந்திருந்தது. வீதியில் நின்ற மக்களும், முன்கூட்டியே எழுப்பப்பட்ட கோரிக்கையும் ஒன்றுசேர்ந்ததாலேயே அந்தப் பயணத்துக்கு ஒரு பெறுமதி வந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். வருகை நாளில் வீதியில் நிற்பது தேவை. ஆனால் அது மட்டும் போதாது. தூதரகம் தனது குறிப்பை அனுப்பும்போதே இறங்கும் இடங்களும் நேரங்களும் ஏறத்தாழ முடிவாகிவிடும். அதற்குப் பிறகு பாதையை மாற்றக் கேட்டால், "பாதுகாப்புக் காரணம்" என்ற ஒரே சொல்லில் மறுத்துவிடலாம். ஆகவே விஜயச் செய்தி கசிந்த உடனேயே எங்கள் சங்கங்களும் சிவில் அமைப்புகளும் மக்கள் பிரதிநிதிகளும் அந்தத் தூதரகத்துக்கு எழுத வேண்டும். பொதுவாக நீதி கேட்டு மட்டும் எழுதாமல், குறிப்பாக எழுத வேண்டும்: எந்த இடம், யாரை, எவ்வளவு நேரம், எந்த மொழிபெயர்ப்பாளர், அறைக்குள் அரச அதிகாரிகள் இருக்கக்கூடாது, சந்தித்தவர்களுக்குப் பின்னர் தொல்லை வந்தால் தூதரகத்தில் யாரை அழைப்பது.

அரசின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டுத் தலைவர் ஒருவரின் உயிருக்கு இந்த நாடு பொறுப்பு. வான்வழியை ஒழுங்கு செய்வதும் பாதையை மறைத்து வைப்பதும் எல்லா நாடுகளும் செய்வதே. ஆனால் பாதுகாப்பு என்பது விருந்தினரைக் குண்டிலிருந்து காப்பதற்கு. ஒரு தாயின் கையிலுள்ள படத்திலிருந்து அவரைக் காப்பதற்கு அல்ல.

அன்று அந்த அம்மா மத்தியானம் தாண்டியும் நின்றார். வாகனங்கள் வேறு பாதையால் போய்விட்டன. அடுத்த தலைவர் வரும்போது அவருடைய பெயர் வீதியோரத்தில் அல்ல, சந்திப்புப் பட்டியலில் இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதும் வேலை எங்களுடையது.