முகாம் முடிந்த பின்

நட்ட கன்றோடு புகைப்படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பும் தொண்டைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

1905ஆம் ஆண்டு சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் நண்பர் மூவருடன் ரோட்டரி சங்கத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் அது வெறும் நட்புக் குழாமே. அக்குழாம் முதன்முதல் மேற்கொண்ட பொதுப்பணி எது தெரியுமா? நகரில் பொதுக் கழிப்பிடம் அமைக்கப் பாடுபட்டதே! மேடையேறிச் சொல்லக் கூச்சம் தரும் பணிதான். ஆயினும் ஊருக்கு வேண்டிய பணியன்றோ?

அதே சங்கம் 1985இல் இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்க உறுதி பூண்டது. நம் நாட்டில் இயற்கைப் போலியோ கிருமியால் தாக்குண்ட கடைசிக் குழந்தை நோயுற்றது 2011 சனவரியில். உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது 2014இல். அதுவரை அரசு ஊழியரும் தொண்டர்களும் சொட்டு மருந்துடன், ஏறிய வாசற்படியிலேயே மீண்டும் மீண்டும் ஏறினர்.

நம் நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல், காந்தியடிகளின் நூற்றாண்டில் பிறந்தது. ஈராண்டில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் விதி. ஒன்றாய் உண்டு, ஒன்றாய் மண் சுமக்கையில் வளரும் தோழமையை நான் குறைத்துக் கூறேன். (விடுதிச் சாம்பாரைவிட முகாம் சாம்பார் சுவைப்பதும் அதனால்தானோ!) ஆனால், எட்டாம் நாள் அக்கன்றுக்கு நீர் ஊற்றுவோர் யார்? ஆண்டுக்கோர் ஊர் தேடாது, மூன்றாண்டும் ஒரே சிற்றூருக்குச் செல்வோமே! வரும் ஆண்டு முகாமுக்கு ஊரைத் தெரிவு செய்யுமுன், சென்ற ஆண்டு நட்டவற்றுள் பிழைத்தவை எத்தனை என்று எண்ணி வர, ஆசிரியப் பெருமக்கள் எங்களுள் நால்வரை அனுப்புதல் வேண்டும்.