ஆப்பிரிக்காவை நாமே சென்று அறிய வேண்டும்

1930-களின் நடுப்பகுதியில், லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் மாலினோவ்ஸ்கி மானிடவியல் போதித்துவந்த நாட்களில், கென்யாவின் ஜோமோ கென்யாட்டா தம் கிகுயு மக்களைப் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். நம் மலையாள நாட்டு ஏ. ஐயப்பனும் அக்கல்லூரியிலேயே பயின்று டாக்டர் பட்டம் பெற்று, ஈழவ சமூகத்தின் மாறுதல்களைப் பற்றி நூல் இயற்றினார். கென்யாட்டா தம் தேசத்தின் முதல் ஜனாதிபதியானார். ஐயப்பன் சென்னை அருங்காட்சியகத்தின் தலைமையை வகித்து, பின்னாளில் திருவனந்தபுரத்தில் கேரள சர்வகலாசாலையின் துணைவேந்தராகவும் அமர்ந்தார். இருவரும் மகான்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், ஆளப்பட்ட நாட்டவர் தம் சொந்த ஜனங்களை ஆராய, ஆண்ட நாட்டவரோ எவரையும் எங்கும் சென்று ஆராயும் சுதந்திரம் பெற்றிருந்தனர் என்ற பேதத்தை நாம் இன்னும் தாண்டவில்லை.

ஆங்கிலேய மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சார்ட் 1930-ல் சூடானின் சதுப்பு நிலத்து நூவெர் மக்களிடம் சென்று கூடாரமடித்துத் தங்கினார். வாலிபன் ஒவ்வொருவனும் தனக்குப் பிரியமான எருதின் பெயரையே தன் பெயராகவும் சூடிக்கொள்வதையும், மணப்பெண்ணுக்குப் பரிசமாக மாடுகளே கைமாறுவதையும், எதைப் பற்றித் தொடங்கினாலும் பேச்சு மாட்டில் வந்து நிற்பதையும் அவர் கண்டு எழுதிய நூல் 1940-ல் வெளிவந்தது. அவரிடமும் மற்றொரு மானிடவியலாளரான ராட்கிளிஃப்-பிரௌனிடமும் ஆக்ஸ்போர்டில் பயின்ற நம் நாட்டு எம். என். ஸ்ரீநிவாஸ்தான் குடகர்களைப் பற்றிய தம் புகழ்பெற்ற ஆய்வை எழுதினார். அதாவது, ஆப்பிரிக்கக் கிராமங்களில் உருவான சிந்தனை முறைகள் ஆக்ஸ்போர்டைச் சுற்றிக்கொண்டு நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வந்து சேர்ந்தன.

நேராக ஏன் வரவில்லை? பணமின்மை ஒரு காரணம். கருநிறத்தைத் தாழ்வாக எண்ணும் நம் வீட்டு மனோபாவம் மற்றொன்று. இதைச் சொல்லக் கூசுவது நேர்மையாகாது. டில்லி சர்வகலாசாலையில் 1955-லேயே ஆப்பிரிக்க ஆய்வுத் துறை நிறுவப்பட்டும், அக்கண்டத்தின் ஒரு கிராமத்தில் இரண்டாண்டு தங்கி, அவ்வூர் மொழியைக் கற்று, அம்மக்களின் உறவுமுறையை எழுதிய இந்தியர்கள் மிகச் சிலரே.

ஆனால் திருவனந்தபுரத்துக்கு ஆப்பிரிக்கா அந்நியமன்று. எத்தியோப்பியாவிலும் நைஜீரியாவிலும் பள்ளியாசிரியர்களாகப் பணிபுரிந்து திரும்பிய மலையாளிகளும் தமிழரும் இந்நகரில் இருக்கிறார்கள். எத்தியோப்பிய வீட்டில் பச்சைக் காப்பிக் கொட்டையை விருந்தினர் கண்ணெதிரே வறுத்து, அதன் புகையை முகர்ந்து பார்க்கச் செய்து, மும்முறை காய்ச்சி ஊற்றி உபசரிக்கும் வழக்கத்தை அங்கே பல்லாண்டு வாழ்ந்தவர் விவரிக்கும் நுட்பம், எந்த ஆராய்ச்சியாளனும் பொறாமைப்படத்தக்கது.

கேரள சர்வகலாசாலை ஸ்வாஹிலி, அம்ஹாரிக் மொழிகளைப் போதிக்க ஏற்பாடு செய்து, ஆண்டுதோறும் ஓரிரு மாணவரையேனும் உபகாரச் சம்பளத்துடன் கள ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன்னரே செய்யத்தக்க பணி ஒன்றுண்டு: முதுமையெய்திவிட்ட அந்த ஆசிரியர்களின் நினைவுகளையும், அவர்கள் கொண்டுவந்த கடிதங்களையும் புகைப்படங்களையும் திரட்டிப் பதிவு செய்வது. அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டாம். வரும் கல்வியாண்டிலேயே துவங்கலாம்.