அன்று குலம், இன்று வயது!

"வயது என்ன?"

"நாற்பத்தெட்டு."

"நாங்கள் முப்பத்திரண்டுக்கு உட்பட்டவர்களையே எடுக்கிறோம். தேவைப்பட்டால் சொல்லி அனுப்புகிறோம்."

இவ்வளவுதான் உரையாடல்! இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இருபத்திரண்டு ஆண்டு உழைப்பு அந்த இரண்டு நிமிடத்திலே எடை போடப்பட்டது; எடுத்து எறியவும்பட்டது!

சென்ற வாரம் நம்மைக் காண வந்த மதுரை நண்பர் ஒருவர் இதைச் சொன்னார். மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியாக, ஊரார் மொழியிலே சொன்னால் 'மெடிக்கல் ரெப்'பாக வேலை பார்த்தவர். பதினோரு மாதமாக வேலை தேடி அலைகிறார். அவரைக் கேள்வி கேட்ட மேனேஜருக்கு வயது இருபத்தெட்டு இருக்குமாம். "என் மூத்த மகளுக்கு ஐந்து வயது மூத்தவர்" என்று சொல்லிச் சிரித்தார் நண்பர். நாம் சிரிக்கவில்லை.

அவர் இருந்த கம்பெனியின் பெயரை நாம் எழுதப் போவதில்லை. தனியொரு கம்பெனி திருந்திவிட்டால் தீர்ந்துபோகும் சங்கடமல்ல இது. முறையே கோணலாக இருக்கிறது. ஆகவே முறையைப் பற்றித்தான் பேசுகிறோம்.

"கழுத்திலே டை, காலிலே பூட்ஸ், கையிலே தோல்பை! இப்படிப்பட்டவருக்காகவா நமது ஏடு பக்கத்தைச் செலவிடுகிறது?" என்று ஆலைத் தோழர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்கிறோம்.

அந்த டை, அவர் ஆசைப்பட்டுக் கட்டியதல்ல. சித்திரை வெயிலிலே மோட்டார் சைக்கிளில் தேனிக்கும் கம்பத்துக்கும் போகிறவன் எவன் தன் கழுத்தைத் தானே இறுக்கிக்கொள்வான்? அது கம்பெனியின் கட்டளை. ஆலைத் தோழருக்குக் காக்கி, அவருக்கு டை. இரண்டும் சீருடையே! ஆலையிலே சங்கு ஊதினால் வேலை முடிகிறது. அவருக்கோ சங்கே கிடையாது. காலையிலே மருத்துவமனை, நண்பகலிலே மருந்துக்கடை, மாலையிலே கிளினிக். நோயாளிகள் அனைவரும் பார்த்துத் தீர்ந்தபிறகு, இரவு பத்து மணிக்கு, "ரெப் வரலாம்" என்று குரல் வந்தால் உள்ளே போக வேண்டும். நின்றபடியே நான்கு மருந்தின் பெருமையை இரண்டு நிமிடத்திலே சொல்லி முடிக்க வேண்டும். நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மருத்துவர்கள், ஐந்தாறு கடைகள். மாதம் முடிந்தால் 'டார்கெட்'. எட்டினால் அடுத்த மாதம் அது ஏறும். எட்டாவிட்டால் ஏச்சு விழும். இப்போது கைப்பேசியிலே ஒரு செயலி வேறு! இவர் போடியிலே எந்தத் தெருவில் நிற்கிறார் என்பதை மும்பையிலே உட்கார்ந்தபடியே பார்க்கிறார்கள்.

இந்தக் கால்கள் நடந்ததாலே வாழ்ந்தவர் யார்?

1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1972இல் நடைமுறைக்கு வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்று அந்தச் சட்டம் வகுத்தது. வெளிநாட்டான் செய்த மருந்தை வேறு முறையிலே செய்து, மலிவாக விற்க நம் நாட்டுக் கம்பெனிகளுக்கு வழி பிறந்தது. 2005இல் சட்டத்தைத் திருத்திப் பொருளுக்கும் காப்புரிமை தரும்வரை அந்த வழி அகலமாகத் திறந்திருந்தது. ஒரே மருந்து, பல கம்பெனிகள், பற்பல பெயர்கள்! சரக்கு ஒன்றாகவே இருக்கும்போது, மருத்துவர் சீட்டிலே எழுதுவது எந்தப் பெயரை? வாசலிலே காத்துக் கிடந்த ரெப் எந்தப் பெயரை அவர் மனத்திலே பதித்தாரோ, அந்தப் பெயரை! மூலதனம் என்று கணக்கேட்டிலே எழுதியிருப்பது பணம். அந்தப் பணத்தைப் பெருக்கியது இந்த மனிதர்களின் பாதம்.

"பரிசும் பயணமும் தந்து மருத்துவர்களை மயக்கியதும் இவர்கள் மூலமாகத்தானே?" என்று கேட்போர் உண்டு. தூக்கிச் சென்றவர் இவர்தான். தூக்கிச் செல்லச் சொன்னவர் யார்? இந்தப் பரிசு முறையைத் தடுக்கச் சட்ட வலுவுள்ள விதி வேண்டும் என்று உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டியது, ரெப்களின் அகில இந்திய சம்மேளனமே! 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு ஒரு நடத்தை விதித்தொகுப்பை வெளியிட்டது. விதி வந்தது, சட்டம் வரவில்லை.

இனி, இவர் தொழிலாளியா என்ற கேள்வி. ஆலைத் தோழர் மட்டுமல்ல, நீதிமன்றமும் இதைக் கேட்டது. பயிர்ச்சட்டம் போல விளங்கும்படி வரிசையாகச் சொல்கிறோம். 1976இல் விற்பனை மேம்பாட்டு ஊழியர்களுக்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. நியமனக் கடிதம், விடுப்பு, தொழில் தகராறு எழுந்தால் முறையிடும் உரிமை ஆகியவை கிடைத்தன. 1987இல் அந்தச் சட்டத்தின் சம்பள வரம்பும் எடுக்கப்பட்டது. 1994இல் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, தொழில் தகராறுச் சட்டத்தின் சொல் விளக்கப்படி மெடிக்கல் ரெப் 'தொழிலாளி' ஆகமாட்டார் என்று தீர்ப்பளித்தது. ஆக, அவருக்கு நிழல் தந்தது அந்த 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுதான்!

அந்தக் குடை என்ன ஆயிற்று? 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. தனிச் சட்டம் போயிற்று. புதிய தொகுப்பிலே 'தொழிலாளி' என்ற விளக்கத்துக்குள் விற்பனை மேம்பாட்டு ஊழியரும் இருக்கிறார். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அதே தொகுப்பு, குறித்த கால வேலை என்ற ஒன்றுக்கும் கதவு திறந்திருக்கிறது. மூன்றாண்டு என்று எழுதி எடுக்கலாம். மூன்றாண்டு முடிந்ததும் "காலம் முடிந்தது" என்று அனுப்பலாம். அது ஆட்குறைப்பு ஆகாது! ஓராண்டு வேலை பார்த்தால் பணிக்கொடை உண்டு என்கிறார்கள். நல்லது. ஆனால் வழிச்செலவு தந்துவிட்டால், வீட்டைவிட்டு வெளியேற்றுவது தருமமாகிவிடுமா?

இது இனி வருவோரின் கதி. ஏற்கெனவே நரை கண்டவர்களை வெளியேற்றச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை; தந்திரமே போதுமானதாக இருக்கிறது.

முதல் தந்திரம் மாற்றல். நமது மதுரை நண்பருக்கு 'உம்மை நீக்கினோம்' என்று யாரும் எழுதித் தரவில்லை. சிலிகுரிக்கு மாற்றினோம், ஏழு நாளிலே போய்ச் சேருக என்றுதான் எழுதினார்கள். அந்த ஊர் மொழி அவருக்குத் தெரியாது. அங்கே ஒரு மருத்துவரின் முகமும் தெரியாது. வீட்டிலே பக்கவாதத்தில் படுத்துக் கிடக்கும் தந்தை. ராஜினாமா எழுதினார். கம்பெனிக் கோப்பிலே 'தாமாகவே விலகினார்' என்று பதிவாகிவிட்டது. கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. நின்ற பலகையை உருவிக்கொண்டார்கள்!

இரண்டாவது தந்திரம் பதவி உயர்வு. 'ஏரியா மேனேஜர்' என்று அட்டை அடித்துக் கொடுப்பார்கள். பை அதே பை, வாசல் அதே வாசல், காத்திருப்பும் அதே காத்திருப்பு. பெயர் மட்டும் மேலாளர். அவருக்குக் கீழே ஆளைத் தேடினால் அவர் நிழல்தான் இருக்கும்! நிர்வாகப் பொறுப்பிலே இருப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதுதான் அந்தப் பட்டத்துக்குள்ளே பதுக்கி வைத்த கத்தி.

மூன்றாவது, வெளியே வந்தவருக்கு விரிக்கும் வலை. 'பி.சி.டி.' என்பார்கள். பிரச்சாரமும் நீரே, விநியோகமும் நீரே என்று பொருள். "உங்கள் மாவட்டம் முழுவதும் உங்களுக்கே ஏகபோகம்! இனி நீங்கள் தொழிலாளி அல்ல, முதலாளி!" என்று தேன் ஒழுகப் பேசுவார்கள். சேமநிதிப் பணத்தைக் கொடுத்துச் சரக்கை வாங்க வேண்டும். சம்பளம் இல்லை, படி இல்லை, விடுப்பு இல்லை. விற்றால் இலாபம், விற்காமல் தேதி முடிந்தால் நஷ்டம் இவர் தலையிலே. நண்பர் நான்கு இலட்சம் ரூபாயை இப்படிப் போட்டார். பாதிச் சரக்கு இன்னும் அவர் வீட்டுக் கட்டிலுக்கடியிலே கிடக்கிறது. முதலாளி ஆக்குகிறோம் என்றார்கள். இருந்த முதலையும் வாங்கிக்கொண்டார்கள்!

மருத்துவருக்கு வயது ஏறினால் கட்டணம் ஏறுகிறது. வக்கீலுக்கு நரை விழுந்தால் மதிப்பு உயர்கிறது. ரெப்புக்கு மட்டும் நரை ஏன் குற்றமாயிற்று? இருபதாண்டு கண்டவரின் சம்பளத்திலே புதிதாக இருவரை வைத்துக்கொள்ளலாம் என்பதாலே! புதியவர் கேள்வி கேட்கமாட்டார். பழையவர் சட்டம் தெரிந்தவர், சங்கம் தெரிந்தவர் என்பதாலே! மின்னஞ்சலும் காணொளியும் வந்துவிட்டதும் ஒரு சாக்கு. ஒன்றிய அரசின் மருத்துவமனைகளிலே ரெப்கள் மருத்துவரைச் சந்திக்கக் கூடாது, செய்தியை மின்னஞ்சலிலே அனுப்பட்டும் என்று 2025 மே மாதத்தில் ஆணை பிறந்தது. நோயாளியின் நன்மை அதிலே இருந்தால் நாம் குறுக்கே நிற்கமாட்டோம். ஆனால் மூடிய கதவுக்கு வெளியே நிற்பவனுக்கு என்ன வழி என்று ஆணையிட்டவர்கள் ஒரு வரி எழுதினார்களா?

தமிழ்நாட்டிலே அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020இல் 59 ஆயிற்று. 2021இல் 60 ஆயிற்று. அறுபது வரை மனிதன் உழைக்கத் தக்கவன் என்பது அதன் பொருள். சேமநிதித் திட்டத்தின் முழு ஓய்வூதியமோ 58 வயதிலேதான். அதற்கும் 2014இல் குறைந்த அளவு என்று வகுத்தது மாதம் 1,000 ரூபாய்! நாற்பத்தெட்டிலே வெளியே தள்ளப்பட்டவர், ஐம்பத்தெட்டு வரை எதை உண்டு வாழ்வார்? மகள் திருமணமும், மகன் படிப்பும், தந்தையின் மருந்தும் வந்து நிற்பது அந்தப் பத்தாண்டிலே அல்லவா?

'எந்தக் குலத்திலே பிறந்தாய்?' என்று கேட்டு, வேலையையும் கல்வியையும் மறுத்தவர்களை எதிர்த்து எழுந்தது நமது இயக்கம். அந்தக் கேள்வி இன்னும் முற்றாக ஓயவில்லை. அதற்குள் இன்னொன்று முளைத்திருக்கிறது. 'எந்த ஆண்டிலே பிறந்தாய்?' என்று கேட்கிறார்கள்! அதுவும் பிறப்பு, இதுவும் பிறப்பு. திறமையைப் பாராமல், பிறப்பைப் பார்த்துக் கதவைச் சாத்துவது எந்தப் பெயரில் வந்தாலும், சுயமரியாதைக்காரன் அதற்குத் தலையாட்ட முடியுமா?

"வியாபாரத்திலே இதையெல்லாம் சட்டம் தடுக்க முடியுமா?" என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள் போலப் பேசுவோர். முதலாளித்துவத்தின் தலைநகராம் அமெரிக்காவைப் பார்க்கட்டும்! நாற்பது வயதைக் கடந்தவர்களை வயது காட்டி ஒதுக்கக் கூடாது என்று அங்கே 1967இலேயே சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டத்தின் கீழ், எலி லில்லி மருந்துக் கம்பெனி மீது அந்நாட்டின் சமவாய்ப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. விற்பனைப் பிரதிநிதி வேலைக்கு இளைஞரையே எடுப்பது என்று இலக்கு வைத்து, வயது முதிர்ந்தவர்களை ஒதுக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. 2023இல் 24 இலட்சம் டாலர் தந்து கம்பெனி வழக்கை முடித்துக்கொண்டது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? இங்கே தனியார் கம்பெனி 'முப்பத்திரண்டுக்கு உட்பட்டோர்' என்று விளம்பரமே செய்கிறது. தட்டிக் கேட்க அப்படியொரு சட்டம் இல்லை!

ஆகவே நாம் கேட்பது நான்கு. தனியார் வேலை விளம்பரத்திலே வயது வரம்பு போடுவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும். நீண்டகாலம் பணியாற்றியவரை அவர் ஒப்புதல் இல்லாமல் மாநிலம் விட்டு மாநிலம் தூக்கி எறியக் கூடாது. பட்டத்தைப் பார்க்காமல், செய்யும் வேலையைப் பார்த்தே ஒருவர் தொழிலாளியா என்று முடிவு கட்ட வேண்டும். வேலை நேரத்துக்கு வரம்பும், கைப்பேசி வேவுக்குத் தடையும் வேண்டும்.

2023 டிசம்பர் 20 அன்று நாடெங்கும் ரெப்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பையைக் கீழே வைத்துவிட்டுத் தெருவிலே நின்றார்கள். டை கட்டிய கழுத்திலிருந்தும் முழக்கம் எழும் என்று அன்று காட்டினார்கள். 1923இல் சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் மே நாள் கொண்டாடியபோது, அந்தக் கொடியின் கீழே யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று சட்டை பார்த்துப் பிரித்தாரில்லை. நாமும் பிரிக்க வேண்டாம்.

தோழர்களே! உங்கள் தெருவிலும் ஒரு ரெப் இருப்பார். மாற்றல் உத்தரவைக் கையிலே வைத்துக்கொண்டு, வீட்டாரிடமும் சொல்லாமல், ராஜினாமாக் கடிதத்தை எழுதிக்கொண்டிருப்பார். அவரிடம் போய்ச் சொல்லுங்கள்: "கையெழுத்துப் போடுமுன் சங்கத்துக்கு வா! நியமனக் கடிதத்தையும் மாற்றல் உத்தரவையும் பத்திரப்படுத்து! மறுப்பை எழுத்திலே கொடு!" என்று. நமது மதுரை நண்பருக்கு இதைச் சொல்ல அன்று ஆளில்லை. அடுத்தவருக்கு நாம் இருக்கிறோம்.

இன்று டை கட்டியவரின் வயதைக் கேட்கிறார்கள். நாளை காக்கி உடுத்தியவரின் வயதையும் கேட்பார்கள். கேட்பதற்கு முன்பே பதிலைத் தயார் செய்வோம்! உழைத்த ஆண்டுகள் உரிமையின் ஆண்டுகள்; அவை ஒருவரின் குற்றப் பட்டியல் அல்ல!